ஓசில மினிபஸ் வருதுன்னு சாரிட்டி ஆரம்பிக்கலாமா?

நீங்க எழுதினத நான் புரிஞ்சுகிட்டது இப்படி. இங்கிலாந்துல மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன டவுன்ல இருக்கீங்க, அங்க ஓடிட்டிருந்த பஸ்ஸ நிறுத்திட்டாங்க, வயசானவங்க ஜிபிகிட்டயும் (நம்ம ஏரியா டாக்டர்) கடைக்கும் போக வழியில்லாம வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கறாங்க. ஒரு கிளப்காரங்க அவங்களோட பழைய 16 சீட் மினிபஸ்ஸ சும்மாவே தரேங்கறாங்க. அத வாங்கி நாலஞ்சு பேர் சேந்து சாரிட்டியா ஓட்டலாமா, என்ன லைசன்ஸ் வேணும்னு கேக்கறீங்க. லைசன்ஸ் கேள்விக்கு பதில் ஈஸி, கீழ சொல்றேன். ஆனா உள்ளுக்குள்ள நீங்க கேக்கறது, பஸ் கைக்கு வந்துடுச்சுன்னா மத்ததெல்லாம் தானா கூடி வந்துடுமான்னுதான். வராதுங்க. நான் பாத்த வரைக்கும் நின்னு போன சாரிட்டிங்க பாதிக்கு மேல பஸ் இல்லாம நிக்கல, பஸ்ஸ வச்சுகிட்டு நின்னு போச்சு.

நான் பதினாலு வருஷமா இந்த மாதிரி வண்டி ஓட்டற சாரிட்டில இருக்கேன். மொதல்ல சனிக்கெழம மட்டும் வாலன்டியர் டிரைவர், அப்புறம் ஆபீஸ்ல போன் எடுக்கற வேல, இப்போ ஆறு வருஷமா கோஆர்டினேட்டர். வக்கீல் கெடையாது, அதனால உங்க இன்ஷூரன்ஸ் பாலிசியையோ வண்டி பேப்பரையோ பாக்காம அதுல என்ன இருக்குன்னு நான் சொல்ல முடியாது. சாரிட்டி பத்தி சொல்றதெல்லாம் இங்கிலாந்து வேல்ஸுக்கு, ஸ்காட்லாந்துக்கு ரெஜிஸ்டரே வேற. பெர்மிட் பத்தி சொல்றது ஸ்காட்லாந்துக்கும் பொருந்தும், நார்தர்ன் அயர்லாந்துக்கு பொருந்தாது.

சட்டம் மொதல்ல, ஏன்னா சந்தேகமே இல்லாத பகுதி அதான். ஆள ஏத்தி காசு வாங்கினா சாதாரணமா பஸ் கம்பெனிக்கு உள்ள ஆப்பரேட்டர் லைசன்ஸ் வேணும். லாபத்துக்கு இல்லாம நடத்தற அமைப்புக்கு அதுலேர்ந்து ஒரு விலக்கு இருக்கு, 1977ல மினிபஸ் சட்டம்னு வந்து, அப்புறம் 1985 டிரான்ஸ்போர்ட் சட்டத்துல செக்‌ஷன் 19 பெர்மிட்டா மாறிச்சு. பஸ் கம்பெனிகளுக்கு லைசன்ஸ் குடுக்கற டிராபிக் கமிஷனர்கிட்ட அப்ளை பண்ணணும், 16 சீட் வரைக்கும் உள்ள வண்டிக்கு கட்டணம் 11 பவுண்டு, அஞ்சு வருஷம் செல்லும். ஆமா, பதினோரு பவுண்டுதான், தப்பா டைப் பண்ணல. ஆனா இந்த பெர்மிட்டுல ரோட்ல நிக்கற யார வேணா ஏத்த முடியாது, உங்க மெம்பருங்க, வயசானவங்க, மாற்றுத்திறனாளிங்கன்னு பெர்மிட்டுல எந்த வகை ஆளுங்க எழுதியிருக்கோ அவங்க மட்டும்தான். நின்னு போன ரூட்டையே டைம்டேபிள் போட்டு எல்லாருக்குமா ஓட்டணும்னா அது செக்‌ஷன் 22, சமூகப் பேருந்து. அதுக்கு ரூட்ட பதிவு பண்ணணும், சொன்ன நேரத்துக்கு ஓட்டியே ஆகணும், மொத வருஷமே அதுல கை வைக்காதீங்க. இன்னொரு விஷயம், "நாங்க டிக்கெட் போடலியே, டொனேஷன்தானே வாங்கறோம், பெர்மிட் எதுக்கு"ன்னு நெறைய பேர் நெனைக்கறாங்க. காசு குடுத்தாதான் ஏறலாம்னு இருந்தா அதுக்கு டொனேஷன்னு பேர் வச்சாலும் சரி, சந்தான்னு பேர் வச்சாலும் சரி, அது கட்டணம்தான். பதினோரு பவுண்டுக்காக அந்த வம்ப எல்லாம் இழுத்துக்காதீங்க.

அடுத்து டிரைவர். இங்கதான் நம்ம ஆளுங்க நெறைய பேர் மாட்டிக்கறாங்க. 1997 ஜனவரி 1க்கு முன்னாடி இந்த நாட்ல கார் டெஸ்ட் பாஸ் பண்ணவங்களுக்கு மினிபஸ் ஓட்டற டி1ங்கற லைசன்ஸ் வகை சேந்தே வந்துச்சு, லைசன்ஸ் பின்பக்கம் 101னு ஒரு கோடு போட்டிருக்கும். அதுக்கப்புறம் எடுத்தவங்களுக்கு அது கெடையாது. நம்மள்ல பெரும்பாலானவங்க இங்க வந்து லைசன்ஸ் எடுத்ததே 97க்கு பின்னாடிதான, அதனால உங்க வாட்ஸாப் குரூப்புல "நான் ஓட்டறேன்"னு கை தூக்கின பத்து பேர்ல டி1 இருக்கறவங்க ரெண்டு பேர் தேறினா அதிர்ஷ்டம். டி1 இல்லாதவங்களும் வாலன்டியரா ஓட்டலாம், அதுக்கு 21 வயசு ஆகியிருக்கணும், லைசன்ஸ் எடுத்து ரெண்டு வருஷமாவது ஆகியிருக்கணும், செலவுக் காசு தவிர சம்பளமா ஒரு பைசா வாங்கக்கூடாது, பின்னாடி டிரெய்லர் இழுக்கக்கூடாது, வண்டியோட அதிகபட்ச எடை 3.5 டன்னுக்குள்ள இருக்கணும், வீல்சேருக்கான லிப்ட் மாதிரி சாமானோட சேத்துன்னா 4.25 டன் வரைக்கும். இந்த எடைங்கறது காலி வண்டியோட எடை இல்ல, ஆள் சாமான் எல்லாம் ஏத்தி அதிகபட்சம் எவ்வளவு போகலாங்கற எடை. பேனட்டுக்கு உள்ளயோ கதவு நெலையிலயோ ஒரு சின்ன பிளேட் ஒட்டியிருக்கும், அதுல இருக்கும். நீங்க நாளைக்கே போயி கிளப் பஸ்ல அந்த பிளேட்ட போட்டோ எடுத்துட்டு வாங்க. 16 சீட் வண்டிங்க நெறையவே 3.5 தாண்டிடும், அப்படி தாண்டி லிப்டும் இல்லேன்னா உங்க பத்து பேர்ல எட்டு பேர் அத தொடவே முடியாது. டி1 இருக்கற ரெண்டு பேருக்கும் வயசு என்னன்னு கேட்டுக்கங்க, 70 ஆனதும் டி1 தானா போயிடும், மெடிக்கல் பண்ணி கேட்டு வாங்கினாதான் திரும்ப வரும். எங்ககிட்ட ஒரு வருஷத்துல மட்டும் நாலு பேர் இப்படி கழண்டாங்க, நாலு பேருமே நல்ல டிரைவர், "டாக்டருக்கு காசு குடுத்து எதுக்குப்பா"ன்னு விட்டுட்டாங்க. அந்த காச சாரிட்டியே குடுக்கும்னு மொதல்லயே சொல்லியிருந்தா மூணு பேராவது இருந்திருப்பாங்க, அது என் தப்பு.

தானமா வந்த மாட்ட பல்லப் புடிச்சு பாக்கக்கூடாதுன்னு ஊர்ல சொல்வாங்க, இந்த மாட்டுக்கு கண்டிப்பா பாக்கணும். எட்டு பேருக்கு மேல ஏத்தற வண்டிக்கு மொத வருஷத்துலேர்ந்தே வருஷா வருஷம் எம்ஓடி, அதாவது வண்டி ரோட்ல ஓட தகுதியான்னு பாக்கற டெஸ்ட் உண்டு, அது போக பத்து வாரத்துக்கு ஒரு தடவ கராஜ்ல சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷன் பண்ணி பேப்பர் வச்சிருக்கறதுதான் நல்ல பழக்கம். லிப்ட் இருந்தா அது ஆள தூக்கற எந்திரம், அதுக்கு 1998ல வந்த தனி விதி, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ தகுதியான ஆள் வந்து முழுசா சோதிச்சு ரிப்போர்ட் தரணும். இன்ஷூரன்ஸ், டயர், பிரேக், இதெல்லாம் வண்டி ஓடினாலும் ஓடாட்டியும் தின்னுகிட்டே இருக்கும். வாரத்துக்கு ரெண்டு டிரிப் ஓட்டறவங்க கையில பஸ் இருக்கறது யானைய கட்டி தீனி போடற கததான்.

லிப்டுன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. ஜனவரி மாசம், காலைல பனி கொட்டி வண்டியெல்லாம் வெள்ளையா இருக்கு, வீல்சேர்ல ஒரு பாட்டியம்மா, இங்லீஷ்காரங்க, லிப்ட் மேடையில ஏத்தி பட்டன அமுக்கறோம், பாதி தூரம் போயி நின்னுபோச்சு. பாட்டரி காலி. மேலயும் போகல கீழயும் வரல, தரையிலேர்ந்து மூணடி ஒசரத்துல அவங்க குளிர்ல உக்காந்திருக்காங்க. கைப்பம்பு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியல, கடைசில பின் சீட்டுக்கு அடியில ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டிக்கு பின்னாடி கெடச்சுது. அத வச்சுகிட்டு நானும் டிரைவரும் மாத்தி மாத்தி அடிக்கறோம், இஞ்ச் இஞ்சா மேல போகுது, அப்பதான் எதிர்வீட்டுக்காரர், பழைய லாரி டிரைவர், வந்து பம்புல இருக்கற வால்வ கொஞ்சம் தொறந்து விட்டார், மெதுவா அதுபாட்டுக்கு கீழ எறங்கிடுச்சு. எறக்கறதுக்கு பம்பே அடிக்க வேண்டாம்! அந்தம்மா எறங்கினதும் "டீ மேலயே கொண்டு வருவீங்கன்னு பாத்தேன்"னு சொன்னாங்க. அன்னிக்கு அவங்க சிரிச்சதால தப்பிச்சோம். அதுக்கப்புறம் எங்ககிட்ட புது டிரைவர் யார் வந்தாலும் மொத நாள் அந்த வால்வ அவர் கையாலயே தொறந்து மூடணும். கம்யூனிட்டி டிரான்ஸ்போர்ட் அசோசியேஷன்காரங்க மினிபஸ் டிரைவருங்களுக்குன்னு நடத்தற மிடாஸ் ட்ரெய்னிங் இருக்கு, சர்டிபிகேட் நாலு வருஷம் செல்லும், அதுக்கு அனுப்பிடுங்க. வீல்சேர நாலு பட்டையால தரையோட கட்டறது வேற, உக்காந்திருக்கற ஆளுக்கு பெல்ட் போடறது வேற, அந்த பெல்ட் கைப்பிடிக்கு மேலால போகாம உள்ளால போயி இடுப்பு எலும்புல உக்காரணும்னு அங்க கையில புடிச்சு காட்டுவாங்க. படிச்சு தெரிஞ்சுக்கற விஷயம் இல்ல அது.

சரி, பஸ் வேண்டாம்னா என்னதான் பண்றது? கார். உங்க சொந்த கார், வாலன்டியருங்களோட கார். உங்க கேள்விலயே ஜிபி அப்பாயின்ட்மென்ட்னு எழுதியிருக்கீங்க, ஜிபிக்கு பதினாறு பேர் ஒரே நேரத்துல போக மாட்டாங்க, ஒவ்வொருத்தரா போவாங்க, அதுக்கு பஸ் எதுக்கு. காருக்கு பெர்மிட் வேண்டாம், பயணிகிட்ட வாங்கற காசு கார் ஓட்டற செலவ தாண்டாத வரைக்கும். தாண்டினா அது டாக்ஸி, டாக்ஸி லைசன்ஸ் கேப்பாங்க. வரி ஆபீஸ் ஏத்துக்கற கணக்கு மைலுக்கு 45 பென்ஸ், 2011லேர்ந்து அதான், வருஷத்துல பத்தாயிரம் மைல் தாண்டினா அதுக்கு மேல 25 பென்ஸ். அதுக்குள்ள குடுத்தா வாலன்டியருக்கு வரி தலவலி இல்ல. அவங்க கார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகிட்ட வாலன்டியரா ஆள ஏத்தறேன்னு சொல்லணும், பெரும்பாலும் எக்ஸ்ட்ரா காசு கேக்க மாட்டாங்க, ஆனா சரின்னு எழுத்துல வாங்கி ஃபைல்ல வச்சுக்கங்க.

இதுல ஒரு கணக்க மட்டும் மொத நாளே முடிவு பண்ணிடுங்க. டிரைவர் வீட்லேர்ந்து பயணியா வர ஒரு அம்மா வீடு 4 மைல், அங்கேர்ந்து ஆஸ்பத்திரி 6 மைல், காத்திருந்து திரும்ப கூட்டிட்டு வந்து விட்டுட்டு வீட்டுக்கு போறார். மொத்தம் 20 மைல், 9 பவுண்டு. அம்மா கார்ல இருந்தது 12 மைல்தான், 5 பவுண்டு 40. நடுவுல இருக்கற 3 பவுண்டு 60 யார் குடுக்கறது? அம்மா முழுசும் குடுத்தா டிரைவர் எங்க குடியிருக்காருங்கறத வச்சு ஒவ்வொரு தடவையும் வேற வேற ரேட் வரும், "போன வாரம் ஆறு பவுண்டு வாங்கினீங்களே"ன்னு சண்டை வரும். சாரிட்டி குடுத்தா பல்க்கா நன்கொடை வேணும். நாங்க மூணு வருஷம் இழுத்தடிச்சு கடைசில தூரத்த மூணு வட்டமா பிரிச்சு வட்டத்துக்கு ஒரு ரேட், மிச்சத்த சாரிட்டி போடும்னு வச்சோம். டிரைவர் எனக்கு காசு வேண்டாம்னு சொன்னாலும் கணக்குப்படி குடுத்துட்டு, அவரா திருப்பி நன்கொடையா குடுக்க விடுங்க, அப்ப கிஃப்ட் எய்டுல, அதாவது அவர் கட்டின வரிலேர்ந்து அரசாங்கம் சாரிட்டிக்கு சேத்து குடுக்கறதுல, பவுண்டுக்கு 25 பென்ஸ் கூட வரும். பயணி குடுக்கற கட்டணத்துக்கு கிஃப்ட் எய்ட் வராது, அதுல குழப்பிக்காதீங்க. வயசானவங்க இலவச பஸ் பாஸ நீட்டுவாங்க, பாவமாதான் இருக்கும், ஆனா செக்‌ஷன் 19 வண்டில அது தானா செல்லாது, கவுன்சில் தனியா ஏற்பாடு பண்ணியிருந்தாதான் உண்டு.

இப்ப நான் முக்கியம்னு நெனைக்கற விஷயத்துக்கு வரேன், போன். காலைல ஏழே முக்காலுக்கு டிரைவர் காய்ச்சல்னு போன் பண்ணுவார், எட்டே முக்காலுக்கு ஒருத்தருக்கு கண் ஆபரேஷன், அந்த ஒரு மணி நேரத்துல யார் உக்காந்து அடுத்த ஆள தேடறாங்களோ அவங்கதான் உங்க சாரிட்டி. மத்ததெல்லாம் சாமான். அந்த ஆளுக்கு யார் எந்த வீட்ல எத்தன படி, யாருக்கு காது கேக்காது, யார் முன் சீட்ல மட்டும்தான் உக்காருவாங்க, எந்த டிரைவருக்கும் எந்த பயணிக்கும் ஒத்துக்காது, எல்லாம் தெரியணும். மேப் ஒன்பது நிமிஷம்னு காட்டும். காலிங் பெல் அடிச்சு, அவங்க நடந்து வந்து கதவ தொறந்து, கோட்டு போட்டு, அடுப்ப பாத்துட்டு வந்து, சாவிய தேடி, பூட்டி, வாக்கரோட படி எறங்கி சீட்ல உக்கார எட்டு நிமிஷம் ஆகும். பஸ்ல ஆறு வீட்ல ஏத்தினீங்கன்னா ஓடாம நிக்கற நேரமே 48 நிமிஷம், மொதல்ல ஏறின அய்யா ஒரு மணி நேரத்துக்கு மேல ஊர் சுத்தி பாத்துட்டு வருவார். ரெண்டு வீல்சேர் ஏத்தினா சீட் கழட்டணும், அப்ப 16 சீட்டுங்கறது பேப்பர்ல மட்டும்தான். அந்த எட்டு நிமிஷத்த அவசரப்படுத்தற டிரைவர் எவ்வளவு நல்லா ஓட்டினாலும் நமக்கு வேண்டாம், அந்த நேரத்துலதான் விழுவாங்க.

அதனால பணம் கெடச்சா மொதல்ல போன் எடுக்கற ஆளுக்கு வாரத்துக்கு பத்து பன்னெண்டு மணி நேர சம்பளம் போடுங்கன்னுதான் சொல்வேன். கிராண்ட் குடுக்கறவங்களுக்கு இது புடிக்காது, பஸ் வாங்க குடுப்பாங்க, பஸ் முன்னாடி நின்னு போட்டோ எடுக்கலாம், போனுக்கு முன்னாடி எடுக்க முடியாதே. அப்ளிகேஷன்ல "இவ்வளவு டிரிப்பு நடக்க இவ்வளவு மணி நேர ஒருங்கிணைப்பு"ன்னு டிரிப்போட சேத்து எழுதினா சில பேர் குடுக்கறாங்க, சில பேர் அப்பவும் மாட்டேங்கறாங்க.

அமைப்பு என்னன்னா, சிஐஓ, அதாவது சாரிட்டிக்குனே உள்ள சட்ட உருவம். சும்மா கமிட்டின்னு வச்சுகிட்டா வண்டி லீஸ், ஆள் சம்பளம் எல்லாம் டிரஸ்டிங்க, அதாவது சாரிட்டிய நடத்தற பொறுப்பாளருங்க, சொந்த தலையில விழும். சிஐஓன்னா வருமானம் எவ்வளவு கம்மின்னாலும் சாரிட்டி கமிஷன்ல பதிவு பண்ணாதான் அது பொறக்கவே செய்யும், மத்த உருவத்துக்கு வருஷம் 5,000 பவுண்டு தாண்டினா பதிவு. டிரஸ்டிங்க எல்லாரும் டிரைவரா இருக்காதீங்க, ஒருத்தர் கணக்கு தெரிஞ்சவர், இந்த வண்டில ஏறப்போற வயசானவர் ஒருத்தர், கண்டிப்பா. டிபிஎஸ் செக், அதாவது குற்றப் பதிவு ஏதாவது இருக்கான்னு பாக்கறது, வாலன்டியருக்கு கட்டணம் இல்ல, ஃபார்ம் அனுப்பற ஏஜென்சி மட்டும் ஏதாவது கேப்பாங்க. முடியாதவங்கள ஆஸ்பத்திரிக்கோ பராமரிப்புக்கோ கூட்டிட்டு போற டிரைவருக்கு பெரிய செக் பண்ணலாம், கடைக்கு கிளப்புக்கு மட்டும் ஓட்டறவருக்கு அதே மாதிரி எடுத்தவுடனே பண்ண முடியாது, அதனால யார் என்ன டிரிப் ஓட்டறாங்கன்னு பிரிச்சு எழுதி வச்சுட்டு அப்புறம் அப்ளை பண்ணுங்க.

உறுதியா சொல்ல முடியாதது ரெண்டு இருக்கு. ஒண்ணு, எத்தன பேர் வருவாங்கங்கறது. கேட்டா எல்லாரும் வரேம்பாங்க, மொத மாசம் அஞ்சு பேர் வருவாங்க, ஏன்னா இவ்வளவு நாள் பையனோ பக்கத்து வீட்டம்மாவோ கூட்டிட்டு போனதுக்கு பழகியிருப்பாங்க, முன்ன பின்ன தெரியாதவங்க கார்ல ஏற கூச்சம். ஆறு மாசம் கழிச்சு திடீர்னு தாங்காது. ரெண்டாவது, கவுன்சில் கான்ட்ராக்ட். ஸ்கூல் பிள்ளைங்கள ஓட்டினா நல்ல காசு, அத வச்சு வயசானவங்கள ஓட்டலாம்னு யாராவது ஐடியா குடுப்பாங்க. 2017ல அரசாங்கம் ஒரு லெட்டர் போட்டதுலேர்ந்து, காசுக்கு போட்டி போட்டு கான்ட்ராக்ட் எடுக்கறவங்க செக்‌ஷன் 19ல ஓட்டலாமா கூடாதான்னு பெரிய சண்ட, 2019ல ஹைகோர்ட் வரைக்கும் போச்சு. ஒவ்வொரு கான்ட்ராக்டையும் தனித்தனியா பாத்துதான் சொல்லணும், கையெழுத்து போடறதுக்கு முன்னாடி காசு குடுத்தாவது சட்டம் தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க.

கிளப்காரங்களுக்கு என்ன சொல்றதுன்னா, வேண்டாம்னு மொகத்துல அடிச்ச மாதிரி சொல்லாதீங்க. வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும், செவ்வாய்க்கெழம பகல்ல மட்டும் எங்களுக்கு குடுங்கன்னு கேளுங்க. செக்‌ஷன் 19 பெர்மிட் ஒரு குறிப்பிட்ட வண்டிக்கு கட்டுப்பட்டது இல்ல, உங்க அமைப்பு பேர்ல பெர்மிட்டோட வர டிஸ்க்க இரவல் வண்டியோட கண்ணாடில வச்சு ஓட்டலாம், ஓட்டி முடிச்சதும் எடுத்துடணும். அவங்க இன்ஷூரன்ஸ்ல உங்க டிரைவருங்க பேரையும் கட்டணப் பயணத்தையும் சேக்கச் சொல்லுங்க, அதுக்கு ஆகற கூடுதல் காச நீங்க குடுங்க. செவ்வாய்க்கெழம ஒரு சூப்பர்மார்க்கெட் டிரிப், மத்த நாளெல்லாம் கார்ல ஜிபி. அந்த எடை பிளேட் போட்டோவ எடுத்ததும் இங்கயே கமென்ட்ல போடுங்க, உங்க டிரைவர் லிஸ்ட்ல யார் யார் ஓட்டலாம்னு பாத்து சொல்றேன்.